நாகர்கோவில் ஈரத்தில் ஜாஸ்: ரெக்கார்டா, சிடியா, ஸ்ட்ரீமிங்கா?

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் என்று பள்ளிக்கூடத்தில் குமரியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்பி ரெக்கார்டு சேர்க்கிறவனுக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. போன ஆனியில் அலமாரியைத் திறந்தால் ஜாஸ் ட்ரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்' ரெக்கார்டு அட்டையில் வெள்ளையாகப் பூஞ்சை. அட்டை முழுக்க அவர் முகம்தான். அதில் பாதியைக் காணோம்.

ஜாஸ் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ரெக்கார்டு வாங்கவா, சிடி வாங்கவா, இல்லை போனிலேயே கேட்டால் போதுமா?" என்றுதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கும் கண்டுபிடித்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கும் ஒரே சாமானை நம்பினால் இரண்டும் கெடும் என்பது என் அனுபவம்.

ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் என்னிடம் மூன்று வடிவத்திலும் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1980-களில் கொண்டுவந்த எல்பி, பழையதாக வாங்கிய 1997 பதிப்பு சிடி, அப்புறம் போன். ஒரு நாள் எங்கள் தெருமுனை கிறிஸ்தவ ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் தம்பி வந்திருந்தான். எல்பியைப் போட்டேன். முதல் உருப்படி 'ஸோ வாட்' ஓட ஓட, கூடவே வாசித்துப் பார்த்தவன் பாதியில் கையை எடுத்துவிட்டான்.

"அண்ணே, இது கொஞ்சம் ஏத்தமாக்கும் நிக்குது. பிளேயருக்கு ஸ்பீடு கூடுதலா?"

பிளேயர்மேல் குற்றமில்லை. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில் ஓடிய டேப் மெஷின் ஒரு மயிரிழை மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் சுருதி ஏறத்தானே செய்யும். அன்றைக்குப் பதிவான மூன்று உருப்படிகள்தான் முதல் பக்கம். அவை ஏறிய சுருதியிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் விற்றன. கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை எடுத்து, 1992-இல்தான் திருத்தினார்கள். ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை.

சிடியைப் போட்டதும் தம்பியின் விரல் சேர்ந்துகொண்டது. போனில் தேடினால் அதே ஆல்பம் நாலைந்து பதிப்பாக நிற்கிறது. எது எந்த டேப்பிலிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. நாங்கள் தொட்டது திருத்திய பதிப்பாக அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

அதற்காக ஸ்ட்ரீமிங்கைத் தள்ளிவிட முடியாது. எங்கள் ஊர்ப் பழைய சாமான் கடைகளிலும் ஆக்கர் கடைகளிலும் இருபது வருஷமாகக் குனிந்து கிளறியிருக்கிறேன். டி.எம்.எஸ். கிடைக்கும், கிறிஸ்தவப் பாடல்கள் கிடைக்கும், கல்ஃப்காரர்கள் புண்ணியத்தில் போனி எம் கிடைக்கவே கிடைக்கும். ஜாஸ் ஒன்றுகூட அகப்பட்டதில்லை. போனில், பேஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியம் வாசித்த சார்லி மிங்கஸின் எல்லாக் காலமும் விரல் நுனியில் இருக்கிறது.

ஆனால் ஜாஸில் அடுத்த வாசல் எப்போதும் பக்கவாத்தியக்காரர் பெயரில்தான் திறக்கும். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்றால் பாடுகிறவர் யாரென்றுகூடப் பார்க்காமல் கச்சேரிக்குக் கிளம்பிய தாத்தாக்கள் நம்மிடம் இருந்தார்களே, அதே கணக்கு. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் பேஸ் வாசித்தவர் பால் சேம்பர்ஸ். அவரைப் பிடித்துப் போனால் 1957-இல் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் பதிந்த 'ப்ளூ ட்ரெயின்'. அதில் ட்ரம்பெட் லீ மார்கன், அப்போது பத்தொன்பது வயது. அவரைப் பிடித்துப் போனால் 1958 அக்டோபரில் பதிவான 'மோனின்', அதாவது என் பூஞ்சை பிடித்த அட்டை. மூன்று ரெக்கார்டுகளின் பின்னட்டையை வாசித்ததற்கே இவ்வளவு தூரம் வந்தாயிற்று. போனில் பால் சேம்பர்ஸ் என்று தேடினால் அவர் தன் பெயரில் வெளியிட்டவைதான் முதலில் வரும். மற்றவர்களுக்கு அவர் வாசித்துக் கொடுத்தவை ஒளிந்துகொள்ளும். வருஷமும் அப்படித்தான்: 1958 பதிவுக்கு மேல் மறுபதிப்பு வந்த வருஷம் எழுதியிருக்கும். அதுவாகப் பரிந்துரைப்பதைக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் ஹோட்டல் லாபி பியானோவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான்: ரெக்கார்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் ஒரு பெயரைத் தொட்டு, யார் எந்தப் பதிவில் வாசித்தார்கள் என்று பட்டியல் பார்த்துவிட்டு, அப்புறம் போனில் கேட்பது. சார்லி மரியானோ அப்படித்தான் கிடைத்தார். மிங்கஸின் 1963 ஆல்பத்தில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த பாஸ்டன்காரர், பிற்பாடு நாகஸ்வரம் கற்றுக்கொண்டு அதையும் ஜாஸில் வாசித்தார். சுசீந்திரம் தேரோட்டத்தில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைவிட நல்ல வாசல் உண்டா? 1983-இல் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு அவர் பதிந்த 'ஜ்யோதி'யை வெளியிட்டது மியூனிக்கின் ஈசிஎம் நிறுவனம். அந்த ஈசிஎம் 2017 நவம்பர் வரை தன் பதிவுகளை ஸ்ட்ரீமிங்கில் விடாமல் வைத்திருந்தது. ஒருநாள் வந்த மாதிரியே இன்னொரு நாள் போகவும் செய்யலாம். போனில் இருப்பதை என் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சித்தப்பா காலத்தில் கண்டுபிடிப்பு வேறு மாதிரி. கப்பலில் சிற்றலை வானொலியில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பிடித்து வில்லிஸ் கானோவரின் ஜாஸ் நிகழ்ச்சி கேட்பாராம். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் புரியும்படி கானோவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். 1955-இல் தொடங்கி 1996-இல் அவர் சாகும்வரை நடத்தினார். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒலிபரப்பு அமெரிக்கர்களுக்கானதே அல்ல. அந்த இடத்தை எனக்கு இப்போது நிரப்புவது அமெரிக்காவில் நியூவார்க்கின் டபிள்யூபிஜிஓ ஜாஸ் வானொலி நிலையம். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே விடிகாலை, பால்காரர் வரும் நேரம். அறிவிப்பாளர் பெயர்களை வரிசையாகச் சொல்வார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

சரி, எல்பி. சத்தம் உசத்தி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எல்பிக்கு என் ஓட்டு வேறு காரணத்துக்கு: ஒரு பக்கம் இருபது நிமிஷம்தான். கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' மொத்தமே சுமார் 33 நிமிஷம். இரண்டாம் பாகம் முடிந்ததும் எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். கோல்ட்ரேன் அந்த இடத்தில் விட்ட மூச்சு நமக்கும் கிடைக்கும். சிடியில் அது இல்லை, அடுத்தது உடனே ஆரம்பித்துவிடும்.

இந்த ஒரு சுகத்துக்கு நம் மாவட்டத்தில் கொடுக்கும் விலை அதிகம். ஈரத்தில் அட்டை பூக்கும், உப்புக் காற்றில் பிளேயரின் ஆணிகள் துருப்பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் ரெக்கார்டு விலையைத் தாண்டும். ஏப்ரல் வெயிலில் வந்த ஒரு பார்சலைப் பிரித்தபோது ரெக்கார்டு அப்பளம் போல் நெளிந்திருந்தது. ப்ளூ நோட் நிறுவனத்தின் முதல் பதிப்பு, மையத்தை ஒட்டிய வெற்றிடத்தில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் 'ஆர்விஜி' முத்திரை என்றெல்லாம் அலைகிறவர்கள் அலையட்டும். அந்தப் பணத்துக்கு நான் வீட்டுக் கூரை ஓடுகளையே மாற்றிவிடுவேன். ஆசைக்கு ஒன்றிரண்டு வேண்டுமென்றால், ப்ளூ நோட் 2019 முதல் பழைய அசல் டேப்பிலிருந்து வெட்டித் தரும் 'டோன் பொயட்' வரிசை போதும். ரெக்கார்டுகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள். கழுவக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும், நம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. ஸ்பிரிட் கலப்பதாக இருந்தால் 78 வேக ரெக்கார்டு பக்கம் போகக்கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். ஒரு பழைய நாடகப் பாட்டை அப்படி நானே கொன்றிருக்கிறேன்.

ஆகவே என் வாக்கு யாரும் சீந்தாத பழைய சிடிக்கு. எல்பி மோகம் வந்தபின் சிடியை வீட்டைவிட்டு வெளியேற்ற ஆள் தயாராக இருக்கிறார்கள். ஓர் எல்பி விலைக்கு ஏழெட்டு வாங்கலாம். பூஞ்சை வந்தாலும் மெல்லிய துணியால் துடைத்தால் போயிற்று. முக்கியமாக, உள்ளே குட்டிப் புத்தகம்: யார் எதை வாசித்தார், எந்தத் தேதி, எந்த ஸ்டூடியோ எல்லாம் இருக்கும். கம்ப்யூட்டரில் தரம் குறையாத ஃபிளாக் (FLAC) கோப்பாக நகல் எடுத்து வைத்துவிட்டால் மழையைப் பற்றிக் கவலை இல்லை. குறை இல்லாமல் இல்லை. நல்ல பிளேயர் கிடைப்பது சிரமம், லென்சிலும் ஈரம் ஏறும். சில சிடிகளில் ஓர் உருப்படி முடிந்ததும் அதையே வேறு முறை வாசித்த பதிவை அடுத்து ஒட்டிவிடுவார்கள். ஆராய்ச்சிக்காரனுக்கு விருந்து, ராத்திரி சாய்ந்து கேட்கிறவனுக்கு ரோதனை.

'மோனின்'னையும் அப்படி சிடியாக வாங்கிவிட்டேன். ஆனால் தம்பிக்குப் போட்டுக் காட்டியது பாதி முகம் போன அந்த எல்பியைத்தான். உள்ளே ரெக்கார்டு சேதமில்லை. பியானோ ஒரு வரி கேட்கிறது, மற்ற வாத்தியங்கள் இரண்டே கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பதில் சொல்கின்றன. மூன்றாவது தடவை அந்தப் பதில் வந்தபோது அவன் நிமிர்ந்தான்.

"அண்ணே, இது நம்ம ஆமென்லா? ஆராதனை முடியும்போ நான் வாசிக்கதுதான். பியானோ யாரு?"

அட்டையைத் திருப்பினேன். பெயர்கள் இருந்த இடத்தைப் பூஞ்சை தின்றிருந்தது. சிடி புத்தகத்தை எடுத்துப் பார்த்துச் சொன்னேன்: பாபி டிம்மன்ஸ், இந்த மெட்டும் அவருடையதுதான். போகும்போது சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். ஐப்பசி வந்துவிட்டது, இன்னும் திருப்பித் தரவில்லை.