உதகை உறைபனியும் ஒரு மெக்கானிக் கடையும்

ஜனவரி உறைபனியில் உதகையில் இரவு முழுவதும் வெளியே நின்ற எங்கள் டீசல் கார், காலையில் சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்ற ஒலியோடு அடங்கிவிட்டதால், விடுதிக்காரர் சொன்ன மெக்கானிக் கடையை அழைத்தோம். வந்தவர் உடனே புதிய பேட்டரியை விற்க முனையாமல், மல்டிமீட்டரை வைத்து, 12.6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.9 மட்டுமே இருப்பதைக் காட்டினார். குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும் அதே வேளையில், என்ஜின் ஆயில் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது என்று பொறுமையாக விளக்கினார். பேட்டரி முனைகளில் இருந்த வெண்படிவைச் சுரண்டி, வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் ஜம்பர் கேபிளை இணைத்து, டீசல் என்ஜினை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு அணையும்வரை காத்திருக்கச் சொன்னார் (அதற்கு முன் நான் அவசரப்பட்டதும் ஒரு பிழைதான்). இரண்டாவது முயற்சியில் என்ஜின் ஓடியது. அப்போது 14 வோல்ட் காட்டியதால் ஓடும்போது பேட்டரியை மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் குறையில்லை என்றும் உறுதிசெய்தார். கட்டணம் நியாயமானது; ரசீது மட்டும் கேட்டும் கிடைக்கவில்லை.