‘ஸோர்ன் செட்’ வாங்குமுன் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில், சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரில் வழங்கும் நான்கு நிற முறைக்கான எண்ணெய் வண்ண டியூப்களை ‘ஸோர்ன் செட்’ என்று 190 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்கள். எங்கள் ஓவியக் குழுவில் இரண்டு பேர் வாங்கி ஏமாந்தாயிற்று. பெட்டியின் முகப்பில் போட்டிருப்பது காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு, மஞ்சள் காவி, டைட்டானியம் வெள்ளை. டியூபின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதோ வேறு.

சிவப்பில் ‘பிஆர் 112’; உள்ளே எந்த நிறமி என்று காட்டும் எண் இது. அது நாப்தால் என்ற மலிவான நிறமி. அசல் காட்மியத்துக்கு பிஆர் 108 என்று இருக்க வேண்டும். நாப்தால் கெட்ட சரக்கல்ல, பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். காட்மியம் விலை வாங்கியதுதான் அநியாயம். வெள்ளை கலந்தால் அசல் காட்மியம் ஆரஞ்சுச் சாயலோடு அடக்கமான ரோஜா நிறமாக வரும். நாப்தாலோ பளீரென்ற ரோஸ் ஆகி, கன்னத்தில் ரூஜ் அப்பினது போல் நிற்கும்.

பெரிய கோளாறு கறுப்பில். ஸோர்ன் முறையில் நீல டியூபே கிடையாது. ஐவரி கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல்தான், சிவந்த சருமத்துக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். அதே கறுப்பு காவியோடு சேர்ந்தால் மங்கிய பச்சை. நம்மவர்களின் மாநிறத்தை வரையும்போது நெற்றியோரம், மழித்த தாடை, விழியின் வெள்ளை எல்லாம் இந்த இரண்டு கலவையை நம்பித்தான் இருக்கின்றன. செட்டில் இருந்ததோ பிபிகே 11, அதாவது மார்ஸ் கறுப்பு. இரும்பு ஆக்ஸைடு என்பதால் வெள்ளையோடு பழுப்புச் சாம்பலாகத்தான் இறங்கும்; எவ்வளவு கலந்தாலும் முகத்தில் குளிர்ச்சி வராது. ஐவரி என்றால் பிபிகே 9.

காவியில் குறையில்லை.

சந்தேகமிருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு பங்கு கறுப்புக்குப் பத்துப் பங்கு வெள்ளை குழைத்து, கத்தியால் மெல்லிசாக இழுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாக் கறுப்பும் ஒன்றுதான்.

கடையில் கேட்டால், “ஏஎஸ்டிஎம் டி 4236 போட்டிருக்கே அண்ணே, தரமான சாமான்” என்கிறார்கள். அது உடல்நல அபாயத்தை லேபிளில் எச்சரிப்பது பற்றிய விதி. உள்ளே எந்த நிறமி, வெயிலில் வெளுக்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

திறந்த டியூபைத் திரும்ப வாங்க மாட்டார்களாம். பெட்டியின் முகப்பும் டியூபின் பின்பக்கமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வையுங்கள், ரசீதும் வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, முதலாம் பாரம் (படிவம் 1) நிரப்பினால் போதும். 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. இனி வாங்குபவர்கள் நிறமி எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.