ஃப்ரீ மார்க்கெட் எகனாமிக்ஸ் ஆன்லைன் கோர்ஸ், முழுசா முடிச்சிட்டு எழுதுறேன் (5க்கு 3.5)

ஆறு வார வீடியோ கோர்ஸ். ரெண்டாவது வாரத்துக்காகவே காசு குடுக்கலாம். பொருளாதார அறிஞர் ஹயெக் 1945ல எழுதின வெள்ளீய உதாரணத்தை பொறுமையா பிரிச்சு காட்டுறாங்க, அதாவது எங்கயோ வெள்ளீயத்துக்கு தட்டுப்பாடு வருது, சுரங்கம் மூடிடுச்சா இல்ல புதுசா யாருக்காவது தேவை வந்துச்சான்னு வாங்குறவனுக்கு தெரியவே வேண்டாம், விலை ஏறினதுமே அவனவன் சிக்கனம் பண்ண ஆரம்பிச்சிடுறான். எனக்கு புல்லரிச்சுடுச்சு. தனியார் உடைமை இல்லன்னா மெஷினுக்கெல்லாம் ஏது விலை, எப்படி கணக்கு போடுவீங்கன்னு 1920ல சோசலிஸ்டுகளைப் பார்த்து பொருளாதார அறிஞர் மீசஸ் கேட்டது, அதுக்கு சோசலிசத்து பக்கம் நின்ன ஆஸ்கர் லாங்கே, சரக்கு தேங்கினா விலையை குறைப்போம் பத்தலன்னா ஏத்துவோம்னு சொன்ன பதில், ரெண்டையும் நேர்மையா வெச்சிருக்காங்க.

ஆனா மந்தம் வந்தா அரசு செலவு பண்ணணும்னு சொன்ன கெய்ன்ஸை பத்தே நிமிஷத்துல முடிச்சது ரொம்ப தப்பு. ஒருத்தரோட செலவுதான் இன்னொருத்தரோட வருமானம், எல்லாரும் ஒரே நேரத்துல கையை இறுக்கினா எல்லார் வருமானமும் விழும்ங்கிற அடிப்படை பாயிண்டே வரல!

அதவிட, இன்னொரு ஃப்ரீ மார்க்கெட் பொருளாதார அறிஞரான ஃப்ரீட்மேனையும் ஹயெக்கையும் ஒரே கட்சி மாதிரி பேசுறாங்க. 1929-33 பெரும் பொருளாதார வீழ்ச்சியில பணப்புழக்கம் மூணுல ஒரு பங்கு சுருங்க அமெரிக்க மத்திய வங்கி விட்டதுதான் தப்புங்கிறார் ஃப்ரீட்மேன், அதுக்கு முன்னாடியே கடனை சல்லிசா குடுத்து தப்பான முதலீட்ட வளர்த்ததுதான் வேர்ங்கிறது ஹயெக் பக்கம். நோய் ஒண்ணு, ரெண்டு பேர் சொல்ற காரணம் வேற வேற. இதைக் கேட்டு மெயில் போட்டேன், இன்னும் பதில் வரல. மூணாவது வாரம் வரைக்கும் தாராளமா பாருங்க, கெய்ன்ஸை மட்டும் தனியா படிச்சிக்கோங்க.