ஐம்பது வாட்: தகரக் கூரைக்குக் கீழே ஆர்டிஎக்ஸ் 4060ம் ஆர்எக்ஸ் 7600ம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பகல் மூன்று மணிக்கு என் அறையில் சட்டையோடு உட்கார முடியாது. மேலே தகரக் கூரை, அதற்கடியில் மெல்லிய சீலிங் பலகை, நடுவில் ஒரு காற்றாடி. ஏர்கோன் மனைவியும் குழந்தையும் தூங்கும் அறையில் மட்டும். கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேச வந்தவன் கூரையில் ஏன் ஆரம்பிக்கிறேன் என்றால், இந்தக் கார்டுகளைப் பற்றி நான் பார்த்த அலசல்கள் எல்லாம் இருபத்திரண்டு டிகிரி அறையில் உட்கார்ந்து செய்தவை. அந்த எண்களை நம்பித்தான் நாமும் வாங்குகிறோம்.

2024 தொடக்கத்தில் என்னிடம் இருந்தது ரைசன் 5 2600 பிராசசரும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டும் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. புதுக் கார்டுக்கு ஒதுக்கியது ஆயிரத்து நானூறு வெள்ளி (ரிங்கிட்). அந்த விலைக்குள் நியாயமாக நின்றவை இரண்டு: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600. நான் ஈப்போவில் 4060ஐ 1,349 வெள்ளிக்கு எடுத்தேன். அதே மாதம் என் மைத்துனனுக்கு போனஸ் வந்தது. அவன் 1,149 வெள்ளிக்கு 7600 வாங்கினான். இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. இரண்டு கார்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் இதை எழுத முடிகிறது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1080பியில், ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடும் முறை) இல்லாமல், ஒரு கேமில் இது வினாடிக்கு நாலு ஃபிரேம் முன்னே, இன்னொன்றில் அது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் 8 ஜிபி மெமரி, இரண்டிலும் 128 பிட் பாதை. இரண்டும் போர்டோடு எட்டே லேன்களில், அதாவது தரவு போய்வரும் தடங்களில், ஓடுபவை. அந்தத் தடங்கள் மெதுவாக இருக்கும் என்னுடையதைப் போன்ற பழைய பிசிஐஇ 3.0 போர்டில் இரண்டுக்கும் கொஞ்சம் அடிபடும், ஆனால் அடி ஒரே மாதிரிதான். ரே டிரேசிங்கில் 4060 தெளிவாக முந்தும். இந்த விலைக் கார்டில் அதைப் போட்டு விளையாடுகிறவர் எத்தனை பேர்? நான் இரண்டு நாள் போட்டுப் பார்த்து அணைத்துவிட்டேன். வலோரண்ட், டோத்தா மட்டும்தான் ஆட்டம் என்றால் இரண்டுமே வேண்டாம், அந்தப் பழைய 1650 போதும்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வித்தையில் என்விடியா பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. சைபர்பங்க் 2077இல் தூரத்துக் கம்பிவேலி ஒன்றைப் பார்த்தபடி நின்றோம். என்விடியாவின் வித்தையான டிஎல்எஸ்எஸ்ஸில் கம்பி கம்பியாகவே இருந்தது. மைத்துனன் வீட்டில் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரில் அதே வேலி நடக்க நடக்க எறும்பு ஊர்வதுபோல மினுமினுத்தது. அவனுக்கு அது தொந்தரவாகவே படவில்லை. நான் காட்டிய பிறகுதான் கண்ணில் பட்டதாம். இப்போது என்னைத் திட்டுகிறான். 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ் 4 வந்தபோது அதன் புதிய படமாக்கும் முறை எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது, என்னுடையதற்கும்தான். இரண்டு மாதம் கழித்து ஏஎம்டி எஃப்எஸ்ஆர் 4ஐ வெளியிட்டபோது அதைத் தன் புதிய 9000 வரிசைக் கார்டுகளுக்கென்று கொண்டுவந்தது. பாவம், 7600 வெளியே நின்றது.

சரி, இதற்கெல்லாம் இருநூறு வெள்ளி கூடக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்வேன். நான் கொடுத்தது வேறு ஒன்றுக்காக.

கார்டின் விவரப் பட்டியலில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் அந்த எண். 4060க்கு 115 வாட். 7600க்கு 165. ஒரே வேலையை ஏறக்குறைய ஒரே வேகத்தில் செய்ய ஒன்று ஐம்பது வாட் அதிகம் தின்கிறது. காரணம் சில்லு செய்த முறை. இரண்டையும் தைவானின் டிஎஸ்எம்சிதான் அடித்துக் கொடுக்கிறது. ஆனால் 4060இன் சில்லு 5 நானோமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்த நுட்பத்தில் வந்தது. 7600இன் சில்லு அதற்கு முந்தைய 6 நானோமீட்டரில். விலையைக் குறைவாக வைக்க ஏஎம்டிக்கு அது உதவியிருக்கும். அதன் பலனைத்தான் மைத்துனன் இருநூறு வெள்ளியாகப் பெற்றான்.

வாட் என்றதும் எல்லோரும் கரண்ட் பில்லுக்குப் போவார்கள். நானும் போனேன். நாளுக்கு நாலு மணி நேரம் விளையாடினால் ஐம்பது வாட் வித்தியாசம் மாதத்துக்கு 6 யூனிட். எங்கள் வீட்டில் மாதம் முந்நூறு யூனிட்டைத் தாண்டிவிடும். அதற்கு மேல் அப்போது மின்சாரக் கம்பெனியான தெனாகாவின் கட்டணம் யூனிட்டுக்கு 51.6 காசு. ஆக மாதம் மூன்று வெள்ளி பத்துக் காசு. ஒரு கிளாஸ் தே தாரிக்கோடு ஒரு ரொட்டி சானாய். கார்டுக்குக் கூடக் கொடுத்த இருநூறு வெள்ளி இந்தக் கணக்கில் திரும்பி வர ஐந்து வருடத்துக்கு மேலாகும். 2025 ஜூலையில் கட்டண முறையே மாறிவிட்டது, ஆனாலும் பெரிய தொகை எதுவும் இதில் வந்துவிடாது. பில்லைக் காட்டி 4060 விற்கிற கடைக்காரத் தவுக்கேயை நம்பாதீர்கள்.

சூடு வேறு விஷயம். கார்டு இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும், அது வேறெங்கும் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு ஏறக்குறைய நூறு வாட் சூட்டை வெளிவிடும் என்பார்கள். அப்படியானால் 7600 போட்டால் பத்தடிக்குப் பத்தடி அறையில் கூடுதலாக அரை ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்தால் அவர் வெளியே போய்விடுவார். ஆனால் மாலை ஆறரைக்குக் கொசு வரும், ஜன்னலைச் சாத்துவோம், சாத்திய பிறகுதானே நாம் விளையாடவே உட்காருகிறோம்?

போன வருடம் ஏப்ரலில் இரண்டையும் என் அறையிலேயே ஓட்டிப் பார்த்தோம். மைத்துனன் தன் கார்டைக் கழற்றி, டவலில் சுற்றி, மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். (செய்யாதீர்கள்.) சுவர் சாக்கெட்டில் ஒரு வாட் மீட்டர், மேசையில் குழந்தைக்காக வாங்கிய அறை வெப்பமானி. இரண்டு இரவு, ஒரே கேம், ஒரே இடம், இரண்டிரண்டு மணி நேரம். 4060 போட்டபோது முழுப் பெட்டியும் சுவரிலிருந்து 215 வாட் அளவில் இழுத்தது. 7600 போட்டபோது 270ஐத் தாண்டியது. அறை இரண்டு இரவும் 31இல் தொடங்கியது. என் கார்டில் 33க்கு வந்து நின்றது, அவனுடையதில் 34ஐத் தொட்டது. இதைச் சோதனைச்சாலை முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாள் கொஞ்சம் காற்றிருந்தது. ஆனால் 33க்கும் 34க்கும் இடையே என்ன இருக்கிறது என்று அந்த அறையில் உட்கார்ந்த உடம்புக்குத் தெரியும்.

"உங்க ரூம்ல மனுஷன் உக்காரலாம் மாமா, என் ரூம்ல இட்லிதான் வேகும்" என்றான். அவன் அறையில் சீலிங் பலகைகூட கிடையாது.

இன்னொன்று. அறை பத்து டிகிரி கூடினால் கார்டும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். அலசல் செய்தவரின் அறையில் 65 காட்டிய கார்டு நம் அறையில் 75 பக்கம் காட்டும். என் 4060 அப்படித்தான், 74, 75. அதற்கு என்விடியா வைத்திருக்கும் உச்சவரம்பு 90. மைத்துனனின் கார்டு ஹாட்ஸ்பாட் என்று 96 காட்டியதைப் பார்த்து முதலில் பயந்துபோனோம். அது சில்லின் மிகச் சூடான புள்ளி, அதற்கு ஏஎம்டி 110 வரை அனுமதிக்கிறது. ஆகவே 75ஐயும் 96ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பேசுவது தப்பு. கார்டு செத்துவிடாது. ஆனால் அந்தச் சூட்டைத் தள்ள அதன் விசிறிகள் எடுக்கிற இரைச்சல் மேலே ஓடும் காற்றாடியையும் மீறிக் கேட்கும்.

விசிறி வேகமாகச் சுற்றினால் புழுதியும் கூடவே உள்ளே வரும். எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் புழுதி இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தோட்டத்துச் செம்மண்ணை டயரில் சுமந்துகொண்டு தார்ச் சாலை வரை வரும். வெயிலில் அது காய்ந்து பறக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்தால் தகடுகளுக்கு நடுவே சிவப்பாக, வெற்றிலை எச்சில் காய்ந்த மாதிரி படிந்திருக்கும். பெயின்ட் பிரஷும் ஊதுகுழாயும் வைத்து நான் அரை மணியில் முடித்துவிடுகிறேன். மைத்துனன் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செய்கிறான், செய்யாவிட்டால் ஹாட்ஸ்பாட் நூறைத் தாண்டுகிறதாம். ஒருமுறை உள்ளே ஒரு பல்லிக்குட்டி காய்ந்து கிடந்தது. அதற்கு ஏஎம்டியைக் குறை சொல்ல முடியாது.

பவர் சப்ளையும் இதே கணக்கில் வரும். என் பெட்டியில் இருந்தது பேர் தெரியாத ஒரு 450 வாட். 4060க்கு என்விடியா 550 வாட் கேட்கிறது, ஆனால் என் பெட்டி மொத்தமே சுவரிலிருந்து 215தான் இழுக்கிறது என்பதால் தைரியமாக ஓட்டினேன். மைத்துனனிடமும் அதே மாதிரி ஒன்று. நாலாவது மாதம் 'டப்' என்றது, அறை முழுக்கக் கருகல் வாடை. கார்டு பிழைத்தது. நல்ல 550 வாட் ஒன்றுக்கு 239 வெள்ளி ஆனது. அதோடு அவன் மிச்சம் பிடித்த இருநூறும் போயிற்று, மேலே முப்பத்தொன்பதும் போயிற்று. 7600 வாங்கியதால்தான் வெடித்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன், அந்தப் பெட்டி பழசு. ஆனால் பழைய பெட்டியில் புதுக் கார்டு போடுவதுதானே நம் ஊர்ப் பழக்கம்.

இடி மின்னல் காலத்தில் யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் 650 விஏ யுபிஎஸ் கரண்ட் போனால் கேமைச் சேமித்து நிதானமாக அணைக்கிற அளவுக்குத் தாங்குகிறது. 7600 போட்ட அந்த இரவில் சோதித்தபோது அலறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது.

7600க்காகவும் பேச வேண்டும். ஏஎம்டி டிரைவர் மோசம் என்று தே தாரிக் குடித்துக்கொண்டே சொல்கிறவர்கள் பல பேர் ஏஎம்டி கார்டு வைத்திருந்ததே இல்லை. மைத்துனனுக்கு இரண்டு வருடத்தில் இரண்டு தடவை திரை கறுத்தது, அவ்வளவுதான். எனக்கும் ஒரு தடவை ஆயிற்று. ஏர்கோன் அறை, நல்ல பவர் சப்ளை, கம்பிவேலியை முறைத்துப் பார்க்காத மனம், இந்த மூன்றும் இருந்தால் அந்த இருநூறு வெள்ளியைப் பையில் போட்டுக்கொண்டு 7600 எடுங்கள். ஃபிரேம் எண்ணிக்கையை 60இல் கட்டிப்போட்டாலும் சூடு நன்றாக இறங்கும். இது இரண்டு கார்டுக்கும் பொருந்தும். என்னுடையது பல கேம்களில் 80 வாட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. அவனுடையதை அப்படி ஓட்டி அளந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை. மறுவிற்பனையில் ஆர்டிஎக்ஸ் என்ற பெயருக்கு மவுசு என்கிறார்கள். நான் இன்னும் விற்கவில்லை, அதனால் அதில் வாயைக் கொடுக்கவில்லை.

7600 எக்ஸ்டி என்று ஒன்று உண்டு, அதே சில்லு, 16 ஜிபி மெமரி, 190 வாட். மெமரி ஆசைக்கு அதை எடுத்தவர்களைத் தெரியும். என் அறைக்கு அது அடுப்பு. இன்டெல்லின் பி580 2024 டிசம்பரில்தான் வந்தது, 12 ஜிபி, அதுவும் 190 வாட். பழைய ரைசனோடு அது சரியாக இழுக்காது என்பதால் என் மாதிரிப் பெட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஆனால் இன்றைக்குக் கடைக்குப் போனால் என் வாதம் பாதி செல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 மேலே ஏறி 145 வாட் ஆகிவிட்டது, மெமரி மட்டும் அதே 8 ஜிபி. அதே வருடம் ஜூனில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி வைத்துக்கொண்டு 160 வாட்டில் நிற்கிறது. பதினாறு லேனும் உண்டு, பழைய போர்டுக்கு அது நல்லது. எஃப்எஸ்ஆர் 4ம் உண்டு. ஐம்பது வாட் இடைவெளி பதினைந்தாகச் சுருங்கிவிட்டது. பதினைந்து வாட்டுக்காக நான் யாரோடும் சண்டை போட மாட்டேன். இரண்டையும் என் அறையில் வைத்து ஓட்டிப் பார்க்காமல் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன்.

மைத்துனன் தீபாவளி போனஸுக்கு 9060 எக்ஸ்டி வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். வாங்கிய அன்றைக்கே கொண்டுவா, அளந்துவிடலாம் என்றிருக்கிறேன். வாட் மீட்டர் போன ஏப்ரலிலிருந்து அவனிடம்தான் இருக்கிறது. அதில் அவன் அம்மாவின் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது.