ஜனாதிபதி வேட்பாளருக்கு எந்த அனுபவம் வேண்டும்? கோட்டாபய, மைத்திரி, ரணில், அநுர: ஓர் ஒப்பீட்டு அலசல்

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷவுக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட தகுதி, அவர் வழக்கமான அரசியல்வாதி இல்லை என்பதுதான். 69 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 52.25 சதவீதம் பேர், அதை ஏற்று வாக்களித்தார்கள். ஐந்து வருடம் கழித்து ரணில் விக்கிரமசிங்க நேர் எதிரான தகுதியோடு வந்தார்: 1977இல் பாராளுமன்றத்துக்கு வந்தவர், ஆறு தடவை பிரதமராகப் பதவியேற்றவர், வங்குரோத்தான நாட்டைப் பொறுப்பேற்றவர். அவருக்குக் கிடைத்தது 17.27 சதவீதம். வென்ற அநுர குமார திசாநாயக்க 2000ஆம் ஆண்டில் பாராளுமன்றத்துக்கு வந்தவர். ஆனால் அமைச்சராக இருந்ததோ ஒன்றரை வருடத்துக்கும் குறைவு.

இந்த முடிவுகளை வைத்து அனுபவம் தேவையா இல்லையா என்று விவாதித்தால் ஆளுக்கொரு ஆதாரம் கிடைக்கும். பார்க்க வேண்டியது அனுபவத்தின் வகையை. ஒருவர் எத்தனை வருடம் பதவியில் இருந்தார் என்பதைவிட, தன் பேச்சை மறுக்க உரிமையுள்ளவர்களோடு எத்தனை காலம் வேலை செய்தார் என்பதே ஜனாதிபதிக் கதிரையில் உதவுகிறது. கடந்த பத்து வருட இலங்கை அதற்குப் போதுமான சான்று.

அரசியலமைப்பே இதில் விசித்திரமான நிலைப்பாடு எடுத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று நிறுத்தினால் அரசியல் அனுபவமே இல்லாதவரும் போட்டியிடலாம். கட்டுப்பணம் 50,000 ரூபா. சுயேச்சையாக நிற்பவருக்கு மட்டும் 31ஆவது உறுப்புரை நிபந்தனை வைக்கிறது: அவர் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும், கட்டுப்பணம் 75,000 ரூபா. அதுவரை எம்.பி.யாக இராத சரத் பொன்சேகா 2010 ஜனாதிபதித் தேர்தலில் புதிய ஜனநாயக முன்னணியின் அன்னம் சின்னத்தில் வந்ததும், 2024இல் ரணில் எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் சுயேச்சையாக நிற்க முடிந்ததும் இதனால்தான். ஆக, அனுபவத்தைச் சரிபார்க்கும் வேலையைச் சட்டம் கட்சிகளிடம் விட்டிருக்கிறது. கட்சிகள் அதைச் செய்யாவிட்டால் வாக்காளர்தான் செய்ய வேண்டும்.

கட்டளையிட்டுப் பழகியவர்

கோட்டாபயவை அனுபவமற்றவர் என்பது தவறு. 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளர். பிற்பகுதியில் நகர அபிவிருத்தியும் அந்த அமைச்சின் கீழேயே இருந்தது. கொழும்பின் நடைபாதைகளும் பூங்காக்களும் அவர் பெயரைச் சொல்லின. அங்கே கட்டளை மேலிருந்து கீழே போகும், பலன் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியும். வரிக் கொள்கையும் விவசாயமும் அப்படி நடப்பதில்லை.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி, அதாவது வற், 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதைவிடப் பெரிய அடி பலர் கவனிக்காத இன்னொரு இலக்கத்தில் இருந்தது. வற் பதிவுக்கான வருடாந்த விற்பனை எல்லை 1.2 கோடி ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. வீதம் குறைந்தால் அடுத்த வருடம் கூட்டிக்கொள்ளலாம். பதிவிலிருந்து போன வியாபாரியைத் திரும்பப் பிடிப்பது அவ்வளவு இலகுவல்ல. தேச நிர்மாண வரியும் போனது. பிறகு கொவிட் வந்தது. 2022இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

பசளைத் தடை இன்னும் தெளிவான பாடம். தேர்தல் விஞ்ஞாபனம் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் கேட்டிருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. 50 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான். அந்த 23 கிலோவைக் கொடுக்க ஏறக்குறைய ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதியே அந்தப் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஒரு ஏக்கருக்குப் பல மூட்டை என்று பெருக்கி, நாடு முழுவதற்கும் லொறிக் கணக்கில் நினைத்துப் பாருங்கள். பேராதனை விவசாயத் திணைக்களத்துக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. பல்கலைக்கழக விவசாயப் பேராசிரியர்கள் எழுத்திலேயே எச்சரித்தார்கள். நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

அவரைச் சுற்றி அனுபவசாலிகள் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள்தான். இரண்டு தடவை ஜனாதிபதியாக இருந்த அண்ணன் மகிந்தவே பிரதமர், 2021 ஜூலை வரை நிதி அமைச்சரும் அவர்தான். ஆனால் 2020 ஒக்டோபரில் 156 வாக்குகளால் நிறைவேறிய 20ஆவது திருத்தம் கட்டுப்பாடுகளை எல்லாம் ஜனாதிபதி பக்கம் தளர்த்திவிட்டது. மறுப்பவர் பேச்சைக் கேட்கும் பழக்கமும் இல்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்ற நிலையில் ஆலோசகரின் முப்பது வருட அனுபவம் பயன்படாது. "நல்ல குழு வைத்துக்கொள்வார்" என்று எந்த வேட்பாளருக்காகச் சொல்லப்பட்டாலும் இதை நினைவில் வைப்பது நல்லது.

எழுபது வருட அனுபவம் இருந்தும்

மறுபக்கம் இன்னும் வேதனையானது. 2015இல் ஜனாதிபதியான மைத்திரிபால சிறிசேன 1989இல் பாராளுமன்றத்துக்கு வந்தவர், பல அமைச்சுகள், சுதந்திரக் கட்சியின் நீண்டகாலப் பொதுச் செயலாளர். ரணில் 1977 முதல் எம்.பி. இருவரும் பாராளுமன்றத்துக்கு வந்ததிலிருந்து 2019 வரை கழிந்த வருடங்களைக் கூட்டினால் எழுபதைத் தாண்டும். அந்த இருவரின் கையில்தான் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்தது.

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி மைத்திரி பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்தார். பெரும்பான்மைக்குத் தேவையான 113 பேரின் ஆதரவு திரளாததால் நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை வருடம் முடியுமுன், மூன்றில் இரண்டு பங்கு தீர்மானமின்றிக் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் சொன்னது. அந்தத் திருத்தத்தைத் தன் சாதனையாகச் சொல்லிக்கொண்டவரும் அவரே. டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் கலைப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ரணில் திரும்பி வந்தார். பிறகும் தேசிய பாதுகாப்புச் சபைக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. பாதுகாப்பும் பொலிஸும் ஜனாதிபதி வசம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்த எச்சரிக்கை இந்தப் பிளவுக்குள் கிடந்தது. ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கடமை தவறியதற்காக மைத்திரி 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே குறைந்தது எது? மைத்திரி அரசியல் வாழ்வில் பெரும்பகுதி வேறொரு தலைவரின் அமைச்சராக இருந்தவர். முடிவின் பாரம் மேலே இருப்பவருடையது. அமைச்சை நடத்தத் தெரிவது ஒன்று, சமமான பலமுள்ள போட்டியாளரோடு ஒரே கூரையின் கீழ் ஆட்சி நடத்துவது இன்னொன்று. இரண்டாவதைப் பல வருட அமைச்சு அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ரணில்: அனுபவத்தின் இரண்டு முகங்கள்

அனுபவத்தின் பயனை அளக்க 2022 ஜூலையைவிட நல்ல இடமில்லை. 2020 தேர்தலில் ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒரு தேசியப் பட்டியல் ஆசனம் மட்டுமே கிடைத்தது. அந்த ஒற்றை ஆசனத்தோடு, கோட்டாபய பதவி விலகியதும் புதிய ஜனாதிபதியைத் தெரிவு செய்ய ஜூலை 20ஆம் திகதி நடந்த பாராளுமன்ற வாக்கெடுப்பில் 134 வாக்கு வாங்கினார். டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3. 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானது. வாக்குப் போகும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. யாரிடம் என்ன கேட்கலாம், எதை எப்போது விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்தவரால்தான் இதைச் செய்திருக்க முடியும். அந்த மதிப்பை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

அதே அனுபவம் கதவுகளை எப்படி மூடுவது என்பதையும் கற்றுக்கொடுக்கும். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததால் நடக்கவில்லை. நிதி அமைச்சர் என்ற முறையில் அவர் உட்படப் பலர் அடிப்படை உரிமைகளை மீறியதாக 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவமற்றவர் தேர்தலை இப்படி நிறுத்த நினைத்தாலும் வழி தெரியாமல் திணறியிருப்பார்.

எதிர்க்கட்சியில் கற்றவர்

அநுரவின் ஆட்சி அனுபவம் 2004-05 விவசாய அமைச்சோடு முடிகிறது. விடுதலைப் புலிகளோடு சேர்ந்து அரசு அமைக்கவிருந்த சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து ஜே.வி.பி. அரசை விட்டு விலகியபோது அதுவும் போனது. வடக்கு, கிழக்கு வாக்காளர் அந்த விலகலையும் அனுபவக் கணக்கில்தான் எழுதிக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. மற்றபடி 2019இல் 3.16 சதவீதம் வாங்கித் தோற்றவர், மூன்று ஆசனத்தோடு சபையில் உட்கார்ந்தவர். பிறர் போட்ட வரவு செலவுத்திட்டத்தை வரிவரியாகக் குடைவதே இருபது வருட வேலை.

அந்தப் பயிற்சி 2024 செப்டெம்பருக்குப் பிறகு தெரிந்தது. கடன் நிலைத்தன்மையை மாற்று முறையில் கணக்கிடப்போவதாகச் சொல்லி வந்தவர், தேர்தலுக்கு இரண்டு நாள் முன் பழைய அரசு பிணைமுறியாளரோடு எட்டிய இணக்கத்தையே ஏற்றார். டிசம்பரில் பரிமாற்றம் முடிந்தது. மத்திய வங்கி ஆளுநரையும் திறைசேரிச் செயலாளரையும் ஆரம்பத்தில் மாற்றவில்லை. ஆதரவாளர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். 2019 டிசம்பரில் நடந்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதவியேற்ற முதல் மாதங்களில் எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதும் அனுபவம்தான். அவரது பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அவர் அணியில் வென்ற 159 பேரில் பெரும்பாலானோர் சபைக்குப் புதியவர்கள். தலைவரின் இருபத்துநான்கு வருடத்தை அவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது.

வேட்பாளரை எடைபோடும்போது

பாராளுமன்றத்தில் இரண்டு தவணை, அதில் ஒன்றாவது எதிர்க்கட்சியில். இதைக் குறைந்தபட்சமாக வைக்கலாம். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் தனி மதிப்பெண் கொடுக்கத் தேவையில்லை. அடுத்து, பாராளுமன்ற உரைகளின் அச்சுப் பதிவான ஹன்சாட்டைத் திறக்க வேண்டும். வரவு செலவுத்திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் வேட்பாளர் பேசியதைப் படித்தால், இலக்கம் தெரிந்து பேசுகிறாரா, மேடைப் பேச்சா என்பது சில பக்கங்களிலேயே விளங்கிவிடும். பேசிய மொழியிலேயே உரை அச்சாவதால் சிங்கள உரைக்கு மொழிபெயர்ப்பு உதவி தேவைப்படும். அரச நிறுவனங்களை ஆராயும் கோப் குழுவிலோ பொது நிதிக் குழுவிலோ இருந்திருந்தால் கூட்டங்களுக்கு வந்தாரா என்பதையும் கேட்ட கேள்விகளையும் பாருங்கள். தோற்ற தேர்தலுக்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் விடக்கூடாது.

இந்த நால்வரில் எவரும் மாகாண சபை வழியாக வந்தவரல்ல. ஜனாதிபதியானவர்களில் சந்திரிகா குமாரதுங்க மட்டும் 1993இல் மேல் மாகாண முதலமைச்சராகி, 1994 ஓகஸ்டில் பிரதமராகி, நவம்பரில் 62 சதவீத வாக்கோடு ஜனாதிபதியானார். சிறிய வரவு செலவுத்திட்டம், எதிர்க்கட்சி, ஆளுநரோடு இழுபறி என்று ஒரு ஜனாதிபதிக்குத் தேவையான பயிற்சி எல்லாம் அளவு குறைத்துக் கிடைக்கும் இடம் முதலமைச்சர் பதவி. கடைசி மாகாண சபைத் தேர்தல் 2014இல் ஊவாவில் நடந்தது. 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்துபோக, அவை ஆளுநர்களின் கையில் போயின. அந்தத் தேர்தலை நடத்தாத ஒவ்வொரு வருடமும், 2029இல் நம் முன் வரப்போகும் வேட்பாளர் பட்டியலிலிருந்து அப்படிப் பயின்ற ஒருவரைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.