ஒயின் ஃபிரிட்ஜ்: கம்ப்ரசரா, தெர்மோஎலெக்ட்ரிக்கா?

வாங்கிய ஒயினை ஒரு வாரத்துக்குள் திறந்துவிடுகிறவருக்குத் தனி ஃபிரிட்ஜ் தேவையில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வைத்திருக்க நினைப்பவருக்குத்தான் இந்தப் பேச்சு. சாதாரண ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஓடும். உள்ளே காற்றும் வறண்டிருக்கும். அங்கே நெடுநாள் கிடந்தால் கார்க் காய்ந்து சுருங்கி, பாட்டிலுக்குள் காற்று புகுந்துவிடும். ஒயின் கேட்பது 12, 13 டிகிரி, 50 முதல் 70 சதவீத ஈரப்பதம், இருட்டு, ஆட்டம் அசைவில்லாத இடம்.

கடையில் முதலில் மனசை இழுப்பது தெர்மோஎலெக்ட்ரிக் வகை. 1834-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்டியர் கண்டறிந்த விளைவுதான் இதற்கு அடிப்படை: மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். கம்ப்ரசர் கிடையாது, அதிர்வு இல்லை, சின்ன விசிறியின் சத்தம் மட்டும்தான். நானும் அதைத்தான் வாங்கினேன். குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. கோடையில் அறை 34 டிகிரியைத் தொட்ட ஒரு நாள், பாட்டிலை எடுத்தபோது கைக்குக் குளிர்ச்சியே தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் 19 டிகிரி. நான் வைத்திருந்த அளவோ 12. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. இந்த வகை அறை வெப்பத்திலிருந்து ஓரளவுக்குத்தான் கீழே இறக்க முடியும். அறை சூடானால் உள்ளேயும் ஏறும். அதுவும் ஓயாமல் ஓடுவதால், மின்சாரம் மிச்சமாகும் என்றும் நம்ப வேண்டாம்.

கம்ப்ரசர் வகை கோடையில் அறை சூடானாலும், அதன் வரம்புக்குள் 12-ஐப் பிடித்து நிற்கும். ஓடத் தொடங்கும்போது ஒரு உறுமல் கேட்கும், லேசான அதிர்வும் உண்டு. ரப்பர் தாங்கியில் கம்ப்ரசரை உட்கார வைத்த மாடல்களில் அது வெகுவாகக் குறையும். ஒயினுக்கு அந்த அதிர்வைவிட வெப்ப ஏற்ற இறக்கம்தான் பெரிய எதிரி. அதனால் வருஷம் முழுக்க 25 டிகிரிக்குள் நிற்கிற அறை இருந்தால் மட்டும் தெர்மோஎலெக்ட்ரிக். மற்றவர்களுக்குக் கம்ப்ரசர் என்பேன். அதிலும் ஸ்டிக்கரில் உள்ள கிளைமேட் கிளாஸைப் பாருங்கள்: ‘N’ என்றால் 32 டிகிரி அறை வரை, ‘ST’ 38 வரை, ‘T’ 43 வரை.

அப்புறம், ஒரு சோனா (தனி வெப்பநிலை வைக்கும் பகுதி) இரண்டு சோனா? சேமிக்க மட்டும் என்றால் ஒன்றே போதும். சிவப்பும் வெள்ளையும் 12 டிகிரியில் சேர்ந்தே நிம்மதியாகத் தூங்கும். இரண்டு சோன் என்பது எடுத்த உடனே பரிமாற விரும்புகிறவர்களுக்கு.

பாட்டில் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். 750 மில்லி போர்டோ பாட்டிலை வைத்துத்தான் எண்ணிக்கை போடுகிறார்கள். பர்கண்டி, ஷாம்பெயின் பாட்டில்களுக்கு வயிறு பெரிது. தட்டில் உரசும், சில சமயம் கதவே மூடாது. உங்களிடம் உள்ளதில் பெரிய பாட்டிலைக் கடைக்கு எடுத்துப்போய்த் தட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது.

அலமாரிக்குள் பொருத்துவதாக இருந்தால், சூட்டை முன்பக்கம் வெளியே தள்ளும் மாடலாக எடுங்கள். பின்பக்கம் தள்ளுகிற மாடலை அடைத்து வைத்தால் திணறிப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்ரசர் பெட்டியைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். முதல் ஒரு நாள் பாட்டில்களை அடுக்காமல் மேல்தட்டில் ஒரு டம்ளர், கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் என்று தண்ணீர் வைத்து, இரண்டிலும் அளந்து பாருங்கள்.