நான்கு ஆண்டு எம்கேடாக்ஸ்: உடைந்த இணைப்பைவிட உடையாத இணைப்பு செய்த தொல்லை

தக்கலையில் மருத்துவமனை பில்லிங் மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் பயனர் கையேடு எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் போன வாரம் அழைத்தார். "மக்கா, நீ நாலு வருசமா எம்கேடாக்ஸ்லதானே எழுதுற, நானும் அதையே எடுத்துக்கிடலாமா?" என்று கேட்டார். வேறு எந்த மாதத்தில் கேட்டிருந்தாலும் தயங்காமல் சரி என்றிருப்பேன். எங்கள் கையேட்டின் உள் இணைப்புகளை ஒன்றுவிடாமல் திறந்து பார்த்துச் சரிசெய்யும் வேலையை அதற்கு முந்தைய நாள் இரவுதான் முடித்திருந்தேன். எரிச்சல் அடங்காத நிலையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இது அந்தப் பதில்.

நாகர்கோவிலில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்வது ரப்பர் பால் வாங்கும் வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்துக் கடைகளில் காலையில் பால்வெட்டு முடிந்து வரும் பாலின் எடை, மெட்ரோலாக் (பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி) அளவு, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பர்) சதவீதம், ஒட்டுப்பால் வரவு, முன்பணப் பற்று எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. கையேடு முழுவதும் தமிழில் இருக்க வேண்டும் என்பது வியாபாரிகள் கேட்டது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எம்கேடாக்ஸ் என்னவென்று விளக்கப்போவதும் இல்லை. மார்க்டவுன் (எளிய குறிகள் இட்ட வெறும் உரை) கோப்புகளை எழுதிக் கொடுத்தால் வலைத்தளமாக ஆக்கிக் கொடுக்கும், பைத்தானில் ஓடும், இலவசம் என்ற அளவு தெரிந்தவர்களுக்கே இது பயன்படும்.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராமல் போகலாம். மழைக்காலத்தில் ஒரு பிற்பகலுக்குள் மூன்று முறை மின்சாரம் போகும் எங்கள் அலுவலகத்தில், ஒரு பழைய மடிக்கணினியில், நான்கு ஆண்டுகளாக இது ஒருநாளும் வேலையைக் கெடுத்ததில்லை. ஒரு வரியைத் திருத்திச் சேமித்த மறுகணம் உலாவியில் பக்கம் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. ஒரு கோப்பை வேறு கோப்புறைக்கு மாற்றிவிட்டு, அதைச் சுட்டிய இணைப்பைத் திருத்த மறந்தால், எந்தக் கோப்பில் எந்த இணைப்பு தவறு என்று பெயர் சொல்லி எச்சரிக்கிறது. கண்டிப்பு முறையை இயக்கிவிட்டால் அந்த எச்சரிக்கையே பிழையாகி, பில்ட் (கோப்புகளைத் தளமாக ஆக்கும் ஓட்டம்) தோல்வி என்று முடிந்துவிடும். உடைந்த இணைப்போடு கையேடு வெளியே போகவே முடியாது. இணைப்பை மட்டும் மூலக் கோப்பின் பெயரோடு, எம்டி என்ற பின்னொட்டு விடாமல், எழுத வேண்டும். சாய்கோடு போட்ட வலை முகவரியாக எழுதினால் அதைத் தனக்குத் தெரியாத இணைப்பு என்று ஒதுக்கி, சரிபார்க்காமல் விட்டுவிடும். இதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும்.

ஆகவே எங்கள் கையேட்டில் உடைந்த இணைப்பே கிடையாது என்று மூன்று ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு காலை, பதினொரு மணி இருக்கும், குலசேகரம் பக்கத்து வியாபாரி ஒருவர் அழைத்தார். "என்ன சாரே, நீங்க எழுதி வச்ச மாதிரிதானே செஞ்சேன், இப்ப பாத்தா இன்னைக்கு அளந்த பாலு ஒண்ணையும் காணல்லியே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். நடந்தது இது. ஒரு தோட்டக்காரரின் டி.ஆர்.சி. அளவை 34 என்பதற்குப் பதில் 43 என்று தட்டிவிட்டார். சாதாரணமாகப் பாலில் உலர் ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 40 வரைதான் இருக்கும் என்பதால் தவறு அவர் கண்ணிலேயே பட்டுவிட்டது. திருத்துவது எப்படி என்று கையேட்டைத் திறந்து, "தவறான டி.ஆர்.சி. அளவைத் திருத்த இங்கே பார்க்க" என்ற இணைப்பை அமுக்கினார். அது அவரைக் கொண்டுபோய் நிறுத்திய தலைப்பு, ஒரு நாள் பதிவு முழுவதையும் நீக்குவது பற்றியது. பக்கத்தின் நடுவில், தலைப்பு திரையின் மேல்விளிம்பில் பாதி மறைந்து நிற்க, கீழே உள்ள படிகள் மட்டும் அவருக்குத் தெரிந்தன. படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். "ஆம்" என்பதை அமுக்கச் சொல்லியிருந்தது, அமுக்கினார்.

முந்தைய இரவின் நகல் இருந்ததால் பழைய கணக்கு தப்பியது. அன்று காலை வந்த பால் எல்லாவற்றையும் கைச்சீட்டுகளைப் பார்த்து அவர் மீண்டும் ஏற்றினார்.

அந்த இணைப்பு உடையவில்லை என்பதுதான் இதில் என்னை வதைத்தது. தலைப்புக்குத் தாவும் இணைப்பு, தலைப்பின் அடையாளப் பெயரை நம்பி நிற்கிறது. (ஆங்கர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து இதை நங்கூரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு, கடலோரக் குளச்சல்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள் என்பதால் நான் எழுதுவதில்லை.) எம்கேடாக்ஸுக்குள் இருக்கும் பைத்தான்-மார்க்டவுன் இந்தப் பெயரைத் தலைப்பிலிருந்து தானே ஆக்கிக்கொள்கிறது, ஆக்கும்போது, நாம் வேறு சொல்லாதவரை, ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தையும் உதிர்த்துவிடுகிறது. தமிழ்த் தலைப்பில் உதிர்த்த பிறகு மிஞ்ச ஒன்றுமில்லை. எனவே முதல் தலைப்புக்கு _1, அடுத்ததற்கு _2 என்று வரிசை எண் கொடுத்துவிடுகிறது. நானும் உலாவியின் முகவரிப் பட்டையில் _4 என்று இருந்ததை அப்படியே எடுத்து இணைப்பாக ஒட்டியிருந்தேன். பிறகு ஒருநாள் பக்கத்தின் நடுவில் புதிதாக ஒரு தலைப்பைச் சேர்த்தேன். கீழே இருந்த தலைப்புகள் ஓர் எண் தள்ளிப் போயின. _4 இன்னும் இருக்கிறது, ஆனால் அது வேறொரு தலைப்பின் பெயர்.

எந்தச் சோதனைக் கருவியாலும் இதைப் பிடிக்க முடியாது. சுட்டிய பெயர் இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும், இருக்கிறது என்று நகர்ந்துவிடும். சர்வர் பதிவேட்டிலும் தடயம் இருக்காது, ஏனெனில் முகவரியில் # குறிக்குப் பின்னால் வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பக்கமே இல்லாமல் போயிருந்தால் 404 என்று பதிவாகியிருக்கும், மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பார்க்கும்போது நானே கண்டுபிடித்திருப்பேன். இங்கே பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது, வாசகர் மட்டும் தவறான இடத்தில் நிற்கிறார்.

சரிசெய்ய இறங்கியபோது, தமிழ் எழுத்தை உதிர்க்காதே என்று சொல்லும் ஒருங்குறி (யூனிகோட்) விருப்பம் ஒன்று ஏற்கெனவே இருப்பதைக் கண்டேன். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்து, பில்ட் செய்து, முகவரியைப் பார்த்தேன். "நிறுவுதல்" என்ற தலைப்பின் பெயர் "நறவதல" என்று இருந்தது. பைத்தானின் சுருங்குறித்தொடரில் (உரையில் எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறையில்) எழுத்து என்ற வகைக்குள் தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அடங்குவதில்லை; காலும் கொம்பும் சுழியும் நிறுத்தற்குறிகளைப் போலக் களையப்பட்டு அகர மெய்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அசிங்கம் என்று விட்டுவிடலாம், ஆனால் ஆபத்தும் உண்டு. எங்கள் கையேட்டில் ஒரே பக்கத்தில் "பயனர் பதிவு" என்றும் "பயனர் பதவி" என்றும் இரண்டு தலைப்புகள். குறிகளைக் களைந்தால் இரண்டுமே "பயனர-பதவ". இரண்டாவதற்கு மீண்டும் _1 என்ற வால் முளைத்தது. எந்தத் தலைப்பு முதலில் வருகிறதோ அதைப் பொறுத்து வால் இடம் மாறும். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

தமிழ்ப் பெயர் முழுதாகவே நின்றாலும் அதை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். "கொ" என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தட்டலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்குத் தெரியும். தவிர, அத்தகைய முகவரியை வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியலாம். நாகர்கோவில் என்ற ஒரே சொல் 99 எழுத்து நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக வந்து நிற்கும்போது அதை மோசடி இணைப்பு என்று வியாபாரிகள் அமுக்க மறுத்தால் குறை சொல்ல முடியாது.

எஞ்சிய வழி, ஒவ்வொரு தலைப்பின் பின்னாலும் நெளிவு அடைப்புக்குள் ஆங்கில எழுத்தில் ஒரு சிறு பெயரைக் கையால் எழுதுவது. அதற்கான நீட்சி உடனே கிடைக்கிறது, செலவு மனிதனுடையது. ஒன்பது மாலைகள் உட்கார்ந்து எல்லாத் தலைப்புகளுக்கும் பெயர் வைத்தேன். எண்ணைச் சுட்டிய ஒவ்வொரு இணைப்பையும் திறந்து, எழுதிய நாளில் எதைச் சுட்ட நினைத்திருப்பேன் என்று மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் பழைய பதிப்புகளைத் தேடிப் பார்த்தேன். 63 இணைப்புகளில் 19 தவறான தலைப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. குலசேகரம் வியாபாரியைத் தவிர வேறு ஒருவரும் புகார் சொல்லியிருக்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

இந்த வேலையின் நடுவில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் மூட்டியதைக் கண்டேன். தலைப்பு அடையாளங்களைச் சரிபார்க்கும் வசதி 2024இல் வந்த 1.6 பதிப்பில் சேர்ந்திருக்கிறது. மகிழ்ந்து, பதிப்பை உயர்த்தி, கண்டிப்பு முறையில் ஓட்டினேன். பில்ட் பச்சையாக முடிந்தது. வேண்டுமென்றே ஒரு தலைப்பின் பெயரைக் கெடுத்துவிட்டு மீண்டும் ஓட்டினேன். மீண்டும் பச்சை. திரையில் ஓடிய வரிகளை மேலே தள்ளிப் பார்த்தபோது, அந்தத் தவறு "தகவல்" என்ற தரத்தில், பத்தோடு பதினொன்றாகச் சொல்லப்பட்டிருந்தது. நாமாக அமைப்புக் கோப்பில் போய் இதை "எச்சரிக்கை" என்று உயர்த்தாதவரை கண்டிப்பு முறை அதைக் கண்டுகொள்ளாது. இல்லாத பக்கம் எச்சரிக்கை, இல்லாத தலைப்பு வெறும் தகவல் என்ற தரவரிசையை வகுத்தவர்களுக்குப் பழைய தளங்களை உடைக்கக் கூடாது என்ற காரணம் இருந்திருக்கும், அது புரிகிறது. கண்டிப்பு என்று பெயர் வைத்துவிட்டு வாசல் வரைதான் கண்டிப்பு என்பதை ஏற்கத்தான் முடியவில்லை. இதே வேலையைச் செய்யும் டாகுசாரஸில் உடைந்த பக்க இணைப்புக்குப் பில்டே நிற்கும், உடைந்த தலைப்புக்கு எச்சரிக்கையாவது வரும். அதேபோன்ற இன்னொரு கருவியான ஸ்பிங்ஸில் தலைப்புக்கு நாமே ஒரு முத்திரைப் பெயர் வைத்து அதைத்தான் சுட்டுவது வழக்கம். கோப்பை எங்கே மாற்றினாலும் இணைப்பு பின்னாலேயே வரும். ஆனால் ஸ்பிங்ஸின் எழுத்துமுறையை எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் தொடமாட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது தலைப்புத் தவறுகளை எச்சரிக்கையாக உயர்த்தியாயிற்று. பில்ட் முடிந்த பக்கங்களின் மேல் லைச்சி என்ற சோதனைக் கருவியையும் இணையம் இல்லாத முறையில் ஒருமுறை ஓட்டுகிறேன், வேகமாக முடிகிறது. இதுவரை ஒரு தவறும் தப்பவில்லை.

நண்பருக்கு: எடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தால் இதைவிட நல்லது இல்லை என்பேன். தமிழில் எழுதுகிறவர் முதல் நாளே தலைப்புக்குப் பெயர் வைக்க மறந்தால் மூன்றாம் ஆண்டில் என் இடத்தில் நிற்பார். உங்கள் கையேட்டில் இருக்கப்போவது மருந்து அளவும் நோயாளியின் பில்லும். நான் மாறப்போகிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஒன்பது மாலைகள் கொடுத்தாயிற்று, இனி இதைவிட்டு எங்கே போவது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சில கடைகளுக்குக் க்யூஆர் குறியீடு அச்சடித்துக் கொடுத்திருந்தோம், மெட்ரோலாக் அளவைப் பதிவது எப்படி என்ற தலைப்பில் போய் நிற்கும்படி. அதற்குள் இருக்கும் முகவரியின் கடைசியில் _7 என்று இருக்கிறது. புதியதை ஒட்டலாம் என்று குலசேகரம் போனேன். அந்த வியாபாரி அதை லேமினேட் செய்து, எடைத்தராசுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தார். "இது நல்லாத்தானே இருக்கு சாரே, எதுக்கு மாத்தணும்?" என்றார். திரும்பி வந்து அந்தத் தலைப்பின் மேல் _7 என்ற பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைக் கையால் எழுதி வைத்தேன். அதை அழித்துவிடாதே என்று பக்கத்திலேயே எனக்கு ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன்.